ஐந்தாம் குழாயின் வெளிச்சப் பொட்டு

அன்பழகனைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். கொசப்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் வளர்கிற பிள்ளைகள் பொதுவாகத் தொண்டையைத் தூக்கித்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்தில் வேறு வழியில்லை. இவர் அந்தச் சத்தத்தோடு போட்டி போட முடியாது என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டி வாயை மூடிக்கொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை ஊமையோ என்று சந்தேகம் வந்து, காபியைக் கொடுத்து 'சக்கரை போதுமா' என்று கேட்டுப் பார்த்தார்கள். 'போதும்' என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குணசுந்தரியைக் கொடுத்தார்கள்.

குணசுந்தரி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். பட்டு நூல் முறுக்குகிற பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்து, அடுப்பைப் பற்ற வைக்கும்போது ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரை ஓயாது. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். "செவுத்தாண்ட பேசிகினு கீறேன் நானு. செவுராச்சும் எதிர்ச்சத்தம் குடுக்கும்" என்பாள். அதற்கும் இவர் பதில் சொன்னதில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவள் குரல் ஒன்றுதான் நடமாடிக்கொண்டிருந்தது.

தறியில் உட்கார அன்பழகனுக்குப் பொறுமை இருந்தும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஊருக்கு வெளியே, சந்தவாசல் போகிற பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்துக்கு உதவியாளராகப் போனார். லென்சுகளைத் துடைத்து, பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளி, அப்படியே தலை நரைத்தது. பேசத் தேவையில்லாத வேலை. அவருக்கென்றே யாரோ தைத்த சட்டைபோல் பொருந்திவிட்டது.

அந்தத் துறைக்கு இவாஞ்சலின் மேடம் வந்த பிறகுதான் குழி அறை வந்தது. வந்தவாசிப் பக்கத்துக்காரர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முறுக்கிய பட்டு நூல் ஈரக் காற்றுக்கு எப்படி அவிழ்கிறது, காய்ந்தால் எப்படி மறுபடி முறுக்கேறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. கேட்பதற்கு வேலையற்ற வேலையாகத் தெரியும். ஆனால் மோட்டார் இல்லாமல் தானாகவே திரும்பும் சின்னச் சின்னக் கருவிகளை அதை வைத்துச் செய்யலாமாம். டெல்லியிலிருந்து பணம்கூட வந்தது.

இந்த ஊரில் அந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஒரே இடைஞ்சல், ஊர்தான். விசைத்தறிகளின் அதிர்வு மண் வழியாகவே வருகிறது. மேசைமேல் வைத்த தண்ணீரில் சதா ஒரு நடுக்கம் இருக்கும். அதனால் கல்லூரியின் பின்பக்கம் பள்ளம் தோண்டி, தடித்த சுவர் எழுப்பி, ஜன்னலே இல்லாத ஓர் அறை கட்டினார்கள். படியிறங்கிக் கதவைச் சாத்தினால் காது அடைத்ததுபோல் இருக்கும். உள்ளே கல் மேடைமேல் ஏழு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றின் பித்தளை மூடியிலிருந்தும் ஒரு பட்டு நூல் தொங்கும். நூலின் நுனியில் ஒரு மெல்லிய தகடு, தகட்டில் நகத்தளவு கண்ணாடி. அதன்மேல் சிவப்பு லேசர் ஒளி பட்டு, எதிர்ச்சுவரில் ஒரு பொட்டாக விழும். நூல் மயிரிழை அவிழ்ந்தாலும் பொட்டு சுவரில் நகரும். சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு கேமரா. குழாய்க்குள் காற்றைக் காயவைத்து, மூடியை மெழுகு பூசி அடைத்துவிட்டால், வெளியே மழையே பெய்தாலும் பொட்டுகள் ஏழும் அசையக் கூடாது.

நூலுக்குக் குணசுந்தரியைத்தான் கூப்பிட்டார் மேடம். மெஷினில் முறுக்கிய நூல் அவருக்குச் சரிப்படவில்லை. குணசுந்தரி குழி அறையிலேயே அடுப்பு வைத்து, பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு, கண்ணுக்கே தெரியாத இழைகளை இழுத்துச் சேர்த்து, நாக்கில் விரலை நனைத்து நனைத்து முறுக்கினாள். மேடத்துக்கு அவளுடைய கை ஒரு அதிசயமென்றால், வாய் இன்னொரு அதிசயம். ஒவ்வொரு குழாயையும் பார்த்து, "ஒழுங்கா நிக்கணும், ஆடினா பாரு" என்று மிரட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். மற்ற ஆறும் முடிந்து, கடைசியாக ஐந்தாம் குழாயின் நூலைக் கட்டினாள். மூடிக்கு வெளியே ஒரு விரல் நீளத்துக்கு நூல் வால் மிச்சம் நின்றது. அதை வெட்டிவிட்டு மெழுகு பூச வேண்டும். மெழுகு தீர்ந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைக்குப் படுக்கும்போதும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இவர் 'உம்' கொட்டாமலே தூங்கிப்போனார். விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார் டாக்டர்.

அன்பழகன் அழுதாரா என்று பார்க்க வந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அவருக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஆணி அடித்தாற்போல் நின்றது. கடைசியாக அவள் என்ன சொன்னாள்? புளி தீர்ந்துவிட்டது என்பதாக இருக்கலாம். நெஞ்சு வலிக்கிறது என்பதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு மனுஷன் எப்படிச் சோறு தின்பான்?

பால் தெளித்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கல்லூரிக்கு வந்தார். மேடம் வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஐந்தாம் குழாய் அப்படியே இருந்தது, வாலோடு.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நூலில் கை வைத்தவர் யாராவது போய்விட்டால், காரியம் முடியும் வரை அந்தக் கை பட்ட இழை எதையும் அறுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கத்தரிக்கோலை எடுத்துப் பரண்மேல் போடுவது மட்டும் தவறாமல் நடக்கும். அன்பழகன் கத்தரிக்கோலைத் தொடவில்லை. வாலை மூடியின் ஓரமாக மடித்து வைத்து, அதன்மேலேயே மெழுகைப் பூசி அடைத்தார். வால் நுனி வெளியே ஓர் எள்ளளவு தெரிந்தது. காரியம் முடிந்த பிறகும் அவர் அதை வெட்டப் போகவில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன பழக்கம் அவருக்கு?

பிறகு மத்தியானச் சாப்பாட்டை அவர் குழி அறையில் வைத்துக்கொண்டார். அவள் கடைசியாக உட்கார்ந்து வேலை செய்த ஸ்டூல் அங்கேதான் கிடந்தது. எதிரே இவர் டப்பாவைத் திறந்துகொண்டு உட்காருவார். சிவப்புப் பொட்டுகள் சுவரில் வரிசையாக நிற்கும். வேறு வெளிச்சம் கிடையாது.

முதலில் கவனித்தது மேடம்தான். கேமராப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்பழகனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, அஞ்சாவது மட்டும் ஏன் நகருது? மத்ததெல்லாம் அடிச்சி வெச்ச மாதிரி நிக்குது. இது மட்டும் தெனம் மத்தியானம் ஒரு ஜாண் போவுது, அப்புறம் சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துடுது."

அன்பழகன் வழக்கம்போல் சுவரைப் பார்த்தார்.

மேடம் கெட்டிக்காரர். எங்கோ ஒரு பொடி ஓட்டை இருக்கிறது, அறையின் ஈரம் அதன் வழியே உள்ளே போகிறது என்று அன்றே கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் மட்டும் அறையில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்றால், அன்பழகனின் மூச்சிலிருந்து. மனுஷ மூச்சில் ஈரம் உண்டு. அந்த மூடிய அறையில் அது தங்கிவிடுகிறது. கோபம் வருவதற்குப் பதில் மேடத்துக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. அன்பழகனைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்தார்: ஒரு ஜாண். தானும் கூட உட்கார்ந்து பார்த்தார்: இரண்டு ஜாண். காவல்காரர் ஏசுதாசையும் இழுத்துவந்து உட்கார வைத்தபோது மூன்றாம் ஜாணைத் தாண்டியது.

"ஆள் எண்ற மெஷினாயிடுச்சி அண்ணா இது," என்று சிரித்தார். "உள்ள எத்தினி பேர் மூச்சு உடறாங்கன்னு செவுத்தப் பாத்தே சொல்லிடலாம்."

ஏசுதாஸ் சிரிக்கவில்லை. அந்த அறையைத் தோண்டியதிலிருந்தே அவருக்கு அது பிடிக்காது. கல்லறை மாதிரி இருக்கிறது என்பார். சிலுவை போட்டுக்கொள்ளாமல் படியிறங்க மாட்டார்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், மேடம் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நேத்து மத்தியானம் உங்ககூட யார் வந்தாங்க?"

"யாரும் இல்லீங்க மேடம்."

"முந்தாநேத்து?"

"நான் மட்டுந்தாங்க."

மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாவது பொட்டு ஒரு ஜாண் போய்விட்டு, நிற்காமல், அதே வேகத்தில் இரண்டாம் ஜாணும் போயிருந்தது. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி. அறையில் இரண்டு பேர். அன்பழகனுக்கு முதுகுத்தண்டு சில்லென்றது. அது வெறும் பயம் என்று சொன்னால் பொய்யாகும். பயத்துக்கு அடியில் வேறொன்று எழுந்து உட்கார்ந்தது. அதற்கு ஆசை என்றுதான் பெயர்.

அன்று மத்தியானம் அவருக்கு டப்பாவைத் திறக்கத் தோன்றவில்லை. சுவரையே பார்த்திருந்தார். பொட்டு ஒரு ஜாண் வந்தது. இவர் வழக்கம்போல் ஆரம்பித்தார். ஆமாம், வழக்கம்தான். யாருக்கும் தெரியாத வழக்கம். காரியம் முடிந்த மறுநாளிலிருந்தே அவர் அந்த ஸ்டூலைப் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். முதலில் ஒன்றிரண்டு சொல். பிறகு சொற்கள் அவிழ்ந்து கொட்ட ஆரம்பித்தன. எதிர்வீட்டுப் பச்சையம்மாளின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ரேஷனில் பருப்பு போடாதது, மாடியில் குரங்கு வந்தது. உயிரோடு இருந்தவரை அவளிடம் சொல்லாததெல்லாம் வந்தது. கடைசியில் தினமும் அதே கேள்வி வந்து நிற்கும்.

"அன்னிக்குப் படுக்கறப்ப இன்னா சொன்ன குணா? நான் தூங்கிட்டேன். இன்னா சொன்ன?"

கேட்டுவிட்டு நிறுத்துவார். பதிலுக்கு இடம் விடுவார். அன்று அப்படி நிறுத்தியபோது பொட்டு இரண்டாம் ஜாணில் வந்து நின்றது. ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைத் தாண்டிப் போக மனம் வராமல், சுவரை ஒட்டிக்கொண்டே நகர்ந்து வெளியே வந்தார்.

படியின் மேலே ஏசுதாஸ் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யார்கூட பேசிகினு இருந்தீங்க?"

அன்பழகன் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நானும் மூணு நாளா கேட்டுகினுதான் கீறேன். நீங்க பேசறீங்க, நிறுத்தறீங்க. மறுபடியும் பேசறீங்க. எதிராளி பேசறதுக்கு எடம் உட்றா மாதிரி. அந்த எதிராளி சத்தம் மட்டும் எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேக்குதா?"

ஏசுதாஸ் அதை மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டார். பயந்தவர்கள் சொல்லத்தான் செய்வார்கள்; குற்றம் சொல்ல முடியாது. மேடம் சாயங்காலம் அன்பழகனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்ததே இல்லை; அன்று உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க கீழ பேசறீங்களா?"

தலையை ஆட்டினார்.

மேடம், புண்ணில் கை படாமல் கட்டுப் பிரிப்பவர்போல் மெதுவாகச் சொன்னார்.

"சும்மா உக்காந்திருக்கறவங்கள விட பேசறவங்களுக்கு மூச்சு ஜாஸ்தி வெளிய வரும். ஈரமும் ஜாஸ்தி. ஒருத்தரே நிறுத்தாம பேசினா ரெண்டு பேர் கணக்குக்கு வந்துடும். அந்த ரெண்டாவது ஜாணும் உங்களுதுதாண்ணா."

அன்பழகனுக்கு அந்த நொடியில் குணசுந்தரி இன்னொரு முறை செத்தாள். முதல் சாவைவிட இது கொடுமையாக இருந்தது. முதலாவது அவரைக் கேட்காமல் வந்தது. இது அவருடைய வாயாலேயே வந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் மூடியிருந்த வாய், திறந்த நேரம் பார்த்து இப்படி ஏமாற்றிவிட்டதே என்று நொந்துபோனார்.

"நாளைக்கு அந்த மூடியக் கழட்டி, ஓட்டைய சரி பண்ணிடலாம்," என்றார் மேடம். "ஏழும் சரியா நின்னாதான் நான் கட்டுரை எழுத முடியும். உங்க கைதான் நெதானமான கை. நீங்களே பண்ணிடுங்க. மெழுகு வாங்கி வெச்சிட்டேன்."

மறுநாள் மத்தியானம் மெழுகுக் கட்டியும் ஸ்பிரிட் விளக்கும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு அன்பழகன் படியிறங்கினார். கதவைச் சாத்தினார். மூடியைத் தொடவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து வாயைச் சுற்றி இறுக்கக் கட்டிக்கொண்டு, தன் இடத்தில் உட்கார்ந்தார். மேடம் சொன்னது சரியென்றால் இன்றைக்கு ஒரு ஜாண்தான். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு நூலை வெட்டிவிடுவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

பொட்டு நகர்ந்தது. அரை ஜாண். முக்கால். ஒரு ஜாணுக்கு வந்து நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

சரி, அவ்வளவுதான் என்று நினைத்தார். கண் நிறைந்து துண்டு நனைந்தது. பேச வேண்டும்போல் இருந்தது. பேசவில்லை. பேசினால் அந்தப் பொட்டு நகரும், அது பொய்யாகிவிடும். கேள்விகூடக் கேட்காமல், ஐம்பது வயது கடந்த அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவிக்கு எதிரே சும்மா உட்கார்ந்து காது கொடுத்தார். அவளுடைய பேச்சையெல்லாம் அவர் காதில் வாங்கியதே இல்லை. மழைச் சத்தம்போல் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டிருந்தார். இப்போது ஒரு முணுமுணுப்பு வந்தாலும் விடுவதில்லை என்று உட்கார்ந்திருந்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வரும் தறிகளின் அதிர்வுகூட அங்கே எட்டவில்லை.

அப்போது பொட்டு மறுபடி நகர்ந்தது.

மெதுவாகத்தான் நகர்ந்தது. யாரோ படியிறங்கி வந்து, சேலையை ஒதுக்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்குகிற வேகத்தில். ஒன்றேகால் ஜாண். ஒன்றரை. அன்பழகனுக்கு ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கன்னத்தில் ஒரு சின்ன வெதுவெதுப்பு பட்டதுபோல் இருந்தது, பட்டதோ இல்லையோ. பொட்டு இரண்டாம் ஜாணுக்கு வந்து நின்றது.

அவர் துண்டை அவிழ்க்கவில்லை. எழுந்தார். விளக்கைப் பற்ற வைத்து மெழுகை இளக்கி, ஐந்தாம் குழாயின் மூடியைத் தூக்கினார். கத்தரிக்கோல் மேடைமேல் இருந்தது. இருந்த இடத்திலேயே கிடந்தது. வெளியே தெரிந்த அந்த எள்ளளவு வாலை விரலால் பிரித்து, குழாய்க்கு உள்ளே சுருட்டி விட்டார். அறையின் காற்று குழாய்க்குள் இறங்கட்டும் என்று சற்றே நின்றார். பிறகு மூடியை வைத்து, சுற்றிலும் மெழுகை ஓட்டி, ஊசி முனை போகும் இடமும் விடாமல் அடைத்தார்.

மேடம் மறுநாள் காலையில் இறங்கி வந்து பார்த்தபோது ஆறு பொட்டுகள் தங்கள் இடத்தில் நின்றன. ஐந்தாவது இரண்டாம் ஜாணில் நின்றது. அறையில் இரவெல்லாம் ஆள் இல்லை; காற்று காய்ந்திருந்தது; ஆனாலும் அது திரும்பி வரவில்லை. மேடம் மூடியைச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல இடமில்லாத அடைப்பு.

"அறைக் காத்த உள்ள வெச்சே அடைச்சிட்டீங்களா அண்ணா? காய வெக்கணும்னு சொன்னேனே. அந்த ஈரம் உள்ளயே மாட்டிகிச்சி. இனி தானா வெளிய வராது." அளவை மறுபடி பார்த்தார். "ரெண்டு ஜாண். அடைக்கும்போதும் பேசிகினு இருந்தீங்களா?"

"இல்லீங்க மேடம். துண்டால கட்டிகினு இருந்தேன். வாயே தெறக்கல."

மேடம் அவரையே பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பது அந்தக் கல்லூரிக்கே தெரியும். பொய் சொல்லவும் பேச வேண்டுமே. மேடத்தின் கை தன் முழங்கையைத் தடவிக்கொண்டது. ரோமம் சிலிர்த்திருந்தது.

"தெறந்து காய வெச்சி மறுபடியும் அடைச்சிடலாம்," என்றார். ஆனால் அதைச் சொன்ன குரலில் உத்தரவு இல்லை.

"மேடம்." அன்பழகன் தானாக வாயெடுத்துக் கேட்ட முதல் உதவி அது. "அஞ்சாவது மட்டும் அப்பிடியே இருக்கட்டுங்க. ஆறு போதாதுங்களா?"

மேடம் கம்ப்யூட்டரில் ஐந்தாம் குழாயின் கணக்கை நிறுத்தினார். லேசரை அணைக்கக் கை போயிற்று. போன கை திரும்பி வந்தது. மேடையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் அன்பழகன் டப்பாவோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ எடுக்க வந்த மேடம் எடுக்காமலே படியேறினார். போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்தினார், உள்ளே இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் சாத்துவதுபோல.